காய்ச்சல்னு எழுதாதீங்க

விடியுமுன்பே தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புக் குழிகளில் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். ஊறிய மாட்டுத்தோலைப் புரட்டும்போது நாற்றம் குடலைப் பிடுங்கும். தெறிக்கும் சுண்ணாம்புநீர் கால்வெடிப்பில் பட்டு எரியும். கண்ணம்மாள் தோலைப் பதப்படுத்தும் ஆவாரம்பட்டைக் கட்டைச் சுமந்து வந்து தொட்டியோரம் போட்டாள். மகனைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

பையன் செத்தது வாந்திபேதியில். சுகாதார இன்ஸ்பெக்டர் அருளப்பன் கேட்டபோது காய்ச்சல் என்றுதான் சொன்னாள். திண்டுக்கல்லின் அந்தத் தோல் ஷாப்புக் குடியிருப்பில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். பேதி கண்ட வீட்டார் வேலைக்கு வரக்கூடாது, கூலியும் கிடையாது என்பது முதலாளி போட்ட சட்டம். சட்டம் போட்ட மகராசன் அவர்கள் குடிக்கும் கிணற்றை மட்டும் எட்டிப் பார்த்ததில்லை. பக்கத்துச் சாக்கடை உடைந்து அதற்குள்தான் கசிந்துகொண்டிருந்தது.

அன்று ஜெய்தூன் பீவி பட்டை இடிக்க வந்தவள், கண்ணம்மாளின் காதருகே வந்து அழுதாள். மகள் நர்கீஸுக்கு இரவிலிருந்து தண்ணீராய்ப் போகிறதாம். வேலை போய்விடுமே என்று பிள்ளையைத் தனியே போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

சற்று நேரத்தில் அருளப்பன் சைக்கிளில் வந்தார். கிணற்றுக்கு ஏன் மருந்து போடவில்லை என்று கண்ணம்மாள் நேராகவே கேட்டாள்.

"மேல எழுதிக் கேட்டேம்மா. பேதிச் சாவு ஒண்ணுகூடப் பதிவாகாத எடத்துக்கு எதுக்கு மருந்துன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

தன் வாயால் சொன்ன பொய்யும் அந்தக் கிணற்றில் கிடக்கிறது என்று கண்ணம்மாளுக்குப் புரிந்தது.

"என் மகன் பேதியிலதான்யா செத்தான். காய்ச்சல்னு எழுதாதீங்க. அழிச்சு எழுதுங்க."

இதைக் கேட்டுக்கொண்டே வந்த முதலாளி, அப்படியானால் வீட்டுக்குப் போ என்றார்.

"போறேன் மொதலாளி. நான் வீட்டுல கெடந்தா கெணறு சுத்தமாயிருமா?"

"கெணறு பிடிக்கலைன்னா வேற எடம் பாத்துக்க. குடியிருப்பு என்னோடது."

"கெணறு ஒங்களோடதுதான். செத்தது எங்க பிள்ளைக."

ஜெய்தூன் பீவி உலக்கையைக் கீழே வைத்தாள். "எம் மகளும் பேதியிலதான் கெடக்கா. வந்து பாருங்கய்யா." குழிக்குள்ளிருந்து ஆண்டிச்சாமி தன் தகப்பனுக்கும் அதே நோய் என்றான். இனி எவனாவது வாயைத் திறந்தால் அவனுக்கும் வேலை இல்லை என்று முதலாளி மிரட்டினார்.

அப்போது ரஹ்மத்துல்லா குழியை விட்டு மேலே ஏறினார். குழி வேலைக்கெல்லாம் மூத்தவர். அவர் வீட்டிலுமா என்று கேட்டு அருளப்பன் பேனாவை எடுத்தார்.

"எங்க வீட்டுல யாருக்கும் இல்லய்யா. இல்லாதத எழுத வேணாம். ஆனா இவுகளத் தொரத்திட்டு என்னையக் குழியில எறங்கச் சொன்னா எறங்க மாட்டேன்."

மற்றவர்களும் ஒவ்வொருவராக ஏறினார்கள். இன்றே எடுக்காவிட்டால் தோலெல்லாம் சுண்ணாம்பில் வெந்துபோகும் என்று முதலாளி கத்தினார். கிணற்றில் மருந்து விழவில்லை, வேலைக்கும் உத்தரவாதமில்லை. ஆனாலும் ஒருத்தர்கூடக் குழிக்குத் திரும்பவில்லை. ஜெய்தூன் பீவி முன்னால் ஓட, நர்கீஸை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக அத்தனை பேரும் பின்னாலேயே போனார்கள்.