மஞ்சள் தண்ணீர் குடித்த பெக்கோ

காலை ஐந்தேகாலுக்கு எழும்புகிறேன். பல் துலக்கி, கிணற்றில் ஆறு வாளி அள்ளிக் குளிக்கிறேன். பிளேன்டீ போட்டு, முதல்நாள் வாங்கிய பாணில் நான்கு துண்டு சாப்பிடுகிறேன். ஆயுதப் பெட்டியைத் திறந்து ஸ்பானர்களை எண்ணுகிறேன். ஒன்றும் குறைவதில்லை. ஆனாலும் எண்ணுகிறேன். ஆறரைக்கு மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்துக் கேற்றைச் சாத்துகிறேன். என் மனைவி விதுர்ஷா டெங்குவில் போய் ஐந்து மாதமாகிறது. இந்த ஒழுங்கெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

நான் பௌதிகவியல் பட்டதாரி. அரச நியமனத்துக்காக மூன்று வருடம் காத்திருந்துவிட்டு, பெக்கோ, டோசர், ரோலர் என்று மண் வேலை மெசின்களைத் திருத்தப் பழகினேன். கூடப் படித்தவர்களில் சிலர் இன்னும் காத்திருக்கிறார்கள்.

அன்று கேற்றைச் சாத்த முன்னமே தொலைபேசி அடித்தது. செயின் பெக்கோ ஓட்டும் ஹமீட் காக்கா.

“தம்பி, மெசின் நிண்டுட்டு.”

“எங்க காக்கா?”

“முகத்துவாரத்தில. பாதி வெட்டுக்குள்ள. உங்கட மாமனார் என்னத் திண்டுருவார் போல நிக்கிறார். ஓடி வாங்க.”

மாரி மழையில் வாவி நிரம்பினால், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணல் திட்டை வெட்டிவிட வேண்டும். வெட்டினால் தண்ணீர் கடலுக்குப் போகும். வெட்டாவிட்டால் வயலுக்குள் போகும். போய்க்கொண்டிருந்தது. மாமா சாமித்தம்பியின் வயல் வட்டையில் மூன்று நாளாகப் பயிர் தண்ணீருக்குள் நின்றது. இன்னும் ஒரு நாள் நின்றால் அழுகிவிடும்.

அந்த வட்டையில் நாலு ஏக்கர் விதுர்ஷாவுக்குச் சீதனமாக வந்த காணி. அவள் போன பிறகு திருப்பி எழுதித் தருகிறேன் என்றேன். மாமா சம்மதிக்கவில்லை. மாமி கேதீஸ்வரி ஊர் முழுக்க ஒரு கதை சொல்லியிருந்தார். “என்ட வயலத் தரிசாப் போட்டுராதீங்க” என்பதுதான் மகள் கடைசியாகச் சொன்ன வார்த்தையாம். கடைசியில் பக்கத்தில் இருந்தவன் நான் மட்டும். நான் மறுத்துப் பேசவில்லை. மாமா முழங்கால் வலியோடு நாலு ஏக்கரையும் விதைத்தார்.

அமிர்தகழியைத் தாண்டி முகத்துவாரம் போய்ச் சேர ஏழு மணி. இருபது விவசாயிகள் குடையோடு நின்றார்கள். வெட்டின பள்ளத்தில் பெக்கோ கையை மடக்காமல் அப்படியே நின்றது. கடல் ஓர் அலைக்கு ஒரு கூடை என்று மணலைத் திருப்பிக் கொட்டிக்கொண்டிருந்தது.

“வந்திட்டயா மனே,” என்றார் மாமா. அந்த வட்டைக்கு விதானை அவர். தண்ணீருக்கும் வேலிக்கும் அவர்தான் பொறுப்பு. “இந்தச் சாமானுக்கு என்ன வருத்தம்?”

“பாக்காமச் சொல்ல நான் என்ன சாத்திரியாரா?”

“கம்பசில படிச்ச ஆள், மணந்து பாத்தே சொல்லுவாய் எண்டு நினைச்சன்.”

அரை மணித்தியாலம் நன்றாக வெட்டியதாக ஹமீட் சொன்னார். பிறகு சூடு ஏறிச் சிவப்பு லைற் எரிந்திருக்கிறது. உடனே நிறுத்திவிட்டார். ரேடியேற்றரில் தண்ணீர் சரி. பெல்ட் சரி. தெர்மோஸ்டாற்றைக் கழற்ற வேண்டியதுதான் என்று ஸ்பானரை எடுத்தேன். அப்போதுதான் மணம் வந்தது. சட்டியில் மீன் ஆணம் கொதிக்கிற மணம்.

பக்கக் கதவைத் திறந்தேன். ரேடியேற்றரின் முகம் முழுக்க மஞ்சள் களி. வேப்பிலை, மணல், ஒரு செவ்வந்திப் பூ. சூட்டில் வெந்து ரொட்டி மாதிரி ஒட்டியிருந்தது. காற்றுப் போக ஊசி முனை அளவு இடமில்லை.

“காக்கா, இது என்ன?”

ஹமீட் கடலைப் பார்த்தார். “பூசை.”

“ஆர் ஊத்தின?”

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

“ஒரு வாளிதான்,” என்றார் மாமா. “தேங்காய் உடைச்சு மஞ்சத்தண்ணி தெளிச்சம். அந்தக் கம்பிப் பக்கம் உறிஞ்சி உறிஞ்சி இழுத்திச்சு. தாகமாக்கும் எண்டு மிச்சத்தையும் ஊத்தினன்.”

“காக்கா, நீங்க பாத்துக்கொண்டா இருந்த?”

“சாமி விசயம் தம்பி. நான் வேணாம் எண்டா, ஹமீட் பூசையக் குழப்பிட்டான் எண்டு நாளைக்குப் பேப்பரில வரும்.”

கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீர் அலுமினியத்தைத் தின்னும். கொம்பிரசர் இல்லை. பக்கத்து வீட்டுத் தோட்டத்திலிருந்து மருந்தடிக்கும் டாங்கி ஒன்றும், மூன்று கான் நிறையக் கிணற்றுத் தண்ணீரும் வந்தன. டாங்கியை மாமா தன் முதுகில் மாட்டிக்கொண்டார். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

“பூச்சிக்கு அடிக்கிற மாதிரி ஆட்டாதீங்க மாமா. உள்ளுக்கிருந்து வெளியால, நேரா அடிங்க.”

“நாப்பது வருசம் அடிச்ச எனக்குப் படிப்பிக்கிறாய்.”

“வாளியால ஊத்துறதும் நாப்பது வருசப் பழக்கமோ?”

கூட்டம் சிரித்தது. மாமாவும் சிரித்தார், பம்பை நிறுத்தாமல்.

நான் கம்பியால் இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். மணலில் மஞ்சளாக ஓடிய தண்ணீர் மெல்ல வெளிறியது. ஒன்றரை மணித்தியாலத்தில் ரேடியேற்றருக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது.

எஞ்சினை ஸ்டார்ட் எடுத்தோம். சூடு காட்டும் முள் பாதிக்கு ஏறி அங்கேயே நின்றது. பத்து நிமிடம் பார்த்தேன். அசையவில்லை. ஹமீட் பிஸ்மில்லா சொல்லி லீவரைப் பிடித்தார். யாரோ கற்பூரப் பெட்டியைத் திறந்தார்கள்.

“மூடி வைடா,” என்றார் மாமா. “காலையில காட்டினதே காணும்.”

பகல் பன்னிரண்டுக்குக் கடைசி வரம்பை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டு, ஹமீட் மெசினைப் பின்னுக்கு எடுத்தார். தண்ணீர் முதலில் கை அகலம் ஓடியது. பிறகு கதவு அகலம். பிறகு இரண்டு பக்கமும் மணலை இடித்துக்கொண்டு பாய்ந்தது. கடலில் மண்ணிறம் நீளமாகப் போனது. விசிலடித்தார்கள். மூன்று மணிக்கு வட்டையில் நின்ற ஒருவர் தொலைபேசியில் சொன்னார், தண்ணீர் நாலு விரல் இறங்கிவிட்டது, பயிர் தலையைக் காட்டுகிறது என்று.

மாமா வந்து என் ஆயுதப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினார். டாங்கி இன்னும் முதுகில்.

“அவள் சொன்னது வீண்போகல்ல மனே. வயல் தப்பிட்டு.”

“அவள் அப்பிடிச் சொல்லல்ல மாமா.”

அவர் டாங்கியின் பட்டியை ஒவ்வொரு பக்கமாகக் கழற்றினார்.

“தெரியும். அது உங்கட மாமிட கதை. அட்டைக்குப் பயந்து வயலுக்குள்ள கால் வைக்காத பிள்ளை, சாகப்போற நேரம் வயலையா நினைப்பாள்?”

“தெரிஞ்சுகொண்டா விதைச்ச?”

“சும்மா இருக்க ஏலாமப் போயிட்டு.” டாங்கியை மணலில் இறக்கி வைத்தார். “உண்மையா என்னதான் சொன்னவள்?”

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லோருக்கும் விடை ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்தக் கடைசி நாளில் காய்ச்சல் விட்டிருந்தது. சுகம் வந்துவிட்டது என்று நினைத்தோம். அவள் வார்ட்டில், நுளம்பு கடிக்காமல் கட்டிய நெற்றுக்குள் படுத்திருந்தாள். நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னபடியே மாமாவுக்குச் சொன்னேன்.

“நெற்றுக்குள்ள ஒரு நுளம்பு பூந்து என்னக் கடிச்சிட்டு. அடிக்காதீங்க, பாவம். இப்ப அதுக்கும் டெங்கு.”