அரவாயனவுக்கு ஒரு டிக்கெட்

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெற்ற தண்டபாணிக்குப் பதவி ஆசை என்று தெருவில் பேச்சு. அவருக்கு இருந்தது வேறு ஆசை. தெருமுனை டீக்கடையில் யாராவது ஒருவன் அவரைக் காட்டி ‘மனோடு’ என்று சொல்ல வேண்டும். நம்ம ஆள் என்று அர்த்தம்.

பிறந்தது இந்தத் தெலுங்கு ஊரிலேயே, படித்தது தெலுங்கு மீடியம். மகள் ஸ்ரீலேகாவிடம் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் வரும். இருந்தும் அவர் தெருவில் நுழைந்தால் ‘அரவாயன வச்சிண்டு’ என்பார்கள். தமிழ்க்காரர் வந்துட்டார். திட்டாக இருந்தால் சண்டையாவது போடலாம். மரியாதையாகச் சொல்கிறார்கள்.

ஆகவே, கட்சியின் வார்டு தலைவர் சாய்குமார் கார்ப்பரேட்டர் டிக்கெட்டோடு வீடு தேடி வந்தபோது தண்டபாணிக்குப் பூரிப்பில் சட்டை பத்தவில்லை. ‘அன்னலாரா, அக்கலாரா’ என்று கண்ணாடி முன் அவர் தெலுங்கு மேடைப்பேச்சு பேசிப் பழகி வருஷங்கள் ஆயிற்று.

“வார்டுல அரவ ஓட்டு நிறைய, அங்கிள்,” என்றார் சாய்குமார் தெலுங்கில். “வேட்டி கட்டுங்க, விபூதி பூசுங்க. தமிழ்லயே பேசுங்க.”

“எனக்குத் தெலுங்கு நல்லா வரும்.”

“அதுக்கு எங்ககிட்ட ஆள் இருக்கு. சாயந்திரம் சொல்லிடுங்க.”

அவர் போனதும் மனைவி தங்கம், “எதுக்கு இந்த வேஷம்? உங்க தமிழைக் கேட்டா இருக்கற ஓட்டும் போயிடும்,” என்றாள்.

தண்டபாணி டீக்கடைக்குப் போனார். பக்கத்து வீட்டு யாதகிரி இருந்தான். அவன் அம்மா இறந்தபோது ஐஸ் பெட்டி முதல் வண்டி வரை அலைந்தவர் இவர்.

“நான் நின்னா ஓட்டுப் போடுவியா?”

யாதகிரி நல்லவன்; யோசித்துச் சொன்னான். “உங்காளுங்க பூரா உங்களுக்குத்தான் அண்ணா. பயப்படாதீங்க.”

“நீ?”

“நானா? எங்காளு யாராவது நிப்பான்ல.”

டீக்கு அவனே காசு கொடுத்தான், அன்பாக.

வீட்டுக்கு வந்து, “ஜெயிச்சா நான் யாருன்னு தெரியுமா?” என்றார்.

“கார்ப்பரேட்டர்.”

“அரவ கார்ப்பரேட்டர். போஸ்டர் ஒட்டி, மைக் வெச்சு, நானே ஊருக்கெல்லாம் சொல்லிட்டு வரணும்.”

தங்கம் காய்கறித் தட்டை நகர்த்தி வைத்தாள்.

சாயந்திரம் போனில் சாய்குமாரிடம், தான் நிற்கப் போவதில்லை என்று ஒரு பிசிறில்லாத தெலுங்கில் சொன்னார். அத்தனை நாள் பழகியதெல்லாம் அதில் இறங்கியிருந்தது.

“பரவால்லே அங்கிள். அடுத்த தெரு வேதாசலத்தைக் கேட்கறேன்,” என்ற சாய்குமார், வைப்பதற்கு முன் மனதாரப் பாராட்டினார். “அரவாயனவா இருந்தும் உங்க தெலுங்கு எவ்வளவு சுத்தம்.”

தண்டபாணி வாசல் கேட் அருகே போனார். எதிரே நாலைந்து பேர் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“நிக்கலேன்னு சொல்லியாச்சா?” என்று உள்ளிருந்து தங்கம் கேட்டாள்.

“ஹவ்,” என்றார், தெருக்காரர்கள் ‘ஆமாம்’ சொல்வது போலவே.

“அப்புறம் அங்கே என்ன நிக்கறீங்க? வந்து உட்காருங்க.”

“இதோ,” என்றார். அவர்கள் சொன்ன ஜோக் அவருக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. யாராவது இந்தப் பக்கம் திரும்பினால் தானும் சிரிக்கலாம் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.