முட்டாளின் பெயர் லயனல்

க்வெண்டா டஃப்னெல் பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டுக் கதைசொல்லியாகப் போனபோது எங்கள் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஐம்பது வயதில் பச்சைத் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஷ்ராப்ஷயர் மாவட்டம் முழுக்கப் பப் பப்பாகப் போய்க் கதை சொல்வதும் ஒரு பிழைப்பா என்று கேட்டார்கள். கேட்டவர்கள்தான் மாதாமாதம் லயனல் பாக்ஷாவின் பப்பில் முன்வரிசைக்கு முண்டியடித்தார்கள். பின்னறையை அவளுக்குச் சும்மாவே விட்டிருந்தார் லயனல். அங்கே சிரிப்பு விழுந்த கதைதான் வெளியூருக்குப் போகும்.

அப்படிப் போனதில் சக்கைப்போடு போட்டது ஒரு முட்டாளின் கதை. வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு திருடனைத் தேடிப் பிடித்து ஜன்னல் வழியே ஏற்றிவிடுகிறான். திருடன் டீவியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது, கதவைப் பிடித்துக்கொண்டு நன்றி வேறு சொல்கிறான். முட்டாளின் பெயரை மட்டும் க்வெண்டா ஊருக்கு ஊர் மாற்றுவாள். எந்தப் பப்போ, அந்தப் பப்புக்காரரின் பெயர். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள்.

அச்சில் அது நடக்குமா? பதிப்பகம் புத்தகம் கேட்டதும், வாயில் வந்தபடியே எழுதிக் கொடுத்தவள் ‘லயனல்’ என்றே எழுதிவிட்டாள். புத்தகக் கட்டு வந்திறங்கிய பிறகுதான் உறைத்தது. அன்று மாலை வெளியீடு. அதுவும் லயனலின் பின்னறையில்.

மன்னிப்புக் கேட்க ஓடினாள். கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்த லயனலின் மனைவி நோரீன் குரலைத் தாழ்த்தினாள்.

“காலைலேர்ந்து மனுஷன் உம்முனு இருக்கான்டி. புக்கை ரெண்டு தடவ படிச்சுட்டான். மெனு கார்டைக்கூட முழுசா படிச்சதில்ல!”

க்வெண்டா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இந்த அறை போனால் தேவாலயக் கூடம்தான் கதி. அங்கே பியர் கிடையாது. பியர் இல்லாமல் எங்கள் ஊரில் யார் கதை கேட்பார்கள்?

லயனல் புத்தகமும் கையுமாக வந்தார். “என்னம்மா இது?”

“சத்தியமா வேணும்னு பண்ணல லயனல். அடுத்த பதிப்புல பேரை மாத்திடச் சொல்றேன்.”

“மாத்துவியா? நீ மாத்தறதுதான் பிரச்சினையே! பக்கத்து ஊர் பப்புல முட்டாள் பேரு மெர்வின்னு சொன்னியாமே? மெர்வின் பியர்ல தண்ணி கலக்கறவன்மா! அவனாவது, நன்றி சொல்றதாவது! திருடன்கிட்டயே டிப்ஸ் கேப்பான்!”

“அட கடவுளே, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தே?” என்றாள் நோரீன்.

“நீ சும்மா இரு. அச்சுல இருக்கறது நான். இனிமே எங்க சொன்னாலும் நான்தான் முட்டாள். இல்லேன்னா பின்னறையப் பூட்டிடுவேன்.”

“சாவிய வெளிய எடுத்துட்டுப் பூட்டு,” என்றாள் நோரீன்.

க்வெண்டா உடனே தலையாட்டிவிட்டாள். வெளியீடு அமோகம். ஆனால் லயனல் யாரென்றே தெரியாத ஊரில் எப்படிச் சிரிப்பு விழும்? அதற்கும் அவரே வழி சொன்னார். இப்போதெல்லாம் நோரீனிடம் பப்பை விட்டுவிட்டு க்வெண்டாவுடனே கிளம்பிவிடுகிறார். முட்டாளின் பெயர் வந்ததும் முன்வரிசையிலிருந்து எழுந்து, இளவரசர் மாதிரி கையசைக்கிறார். கதை முடிந்ததும் புத்தகத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கத்தான் நீள வரிசை. பக்கத்தில் அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது எழுத்தாளர் க்வெண்டா டஃப்னெல்.