இயந்திர அறையில் கேட்ட ஒப்புதல்

நான் படிக்கும் மாலை வகுப்பில் இன்சூரன்ஸ் சட்டம் தொடங்கிய வாரத்தில்தான் அத்தான் தன் சொந்த ஆயுள் பாலிசிக்குத் தவணை கட்டுவதை நிறுத்தினார். எனக்கு அது சாப்பாட்டு மேஜையில்தான் தெரிந்தது.

"கம்பெனியே எடுக்கப் போகுதே. ரெண்டு ரெண்டா எதுக்கு?" என்றார் அக்காவிடம். "மெக்கானிக்குங்க எல்லார் மேலயும் இன்சூரன்ஸ்னு மேனேஜரே மீட்டிங்ல சொன்னார். எல்லாரும் கை தட்டினோம்."

"இப்பவாவது கண்ணைத் திறந்தாங்களே," என்றாள் அக்கா.

அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அதே நிறுவனத்தின் அலுவலகத்தில் எனக்கு வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான். அவர்கள் வீட்டில்தான் நான் இருக்கிறேன். போன வருடம் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இனி யாரும் அவருக்குப் புதிதாகப் பாலிசி தரப்போவதில்லை. பழையதற்குத் தவணை கட்டும் கெடு சனிக்கிழமையோடு முடிகிறது. அதுவும் போனால், அவருக்குப் பின் அக்காவுக்கும் பள்ளிக்கூடம் போகும் மகளுக்கும் ஒன்றுமே இல்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அரைப்பாடம். கம்பெனி எடுக்கும் பாலிசியில் பணம் கம்பெனிக்கே போகலாம், குடும்பத்துக்கும் வரலாம்; எது என்று தெரியவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டால் அத்தான் வருடம் முழுக்க ஓட்டுவார். இப்போதே என்னை 'வக்கீலம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்.

மறுநாள் வகுப்பில் மேடம் மீதிப் பாடத்தை நடத்தினார்.

"ஒருத்தர் செத்தா உங்களுக்கு நஷ்டம் வரும்னாதான் அவர் உயிர் மேல நீங்க பாலிசி எடுக்கலாம். இல்லாட்டி அது பந்தயம்."

பேக்கரியில் வேலை பார்க்கும் ஒருவன் பின் பெஞ்சில் எழுந்தான். "அப்போ எங்க முதலாளி என் மேல எடுக்கவே முடியாது மேடம். நான் போனா அவருக்கு லாபம்தான்."

சிரிப்பு அடங்கும்வரை மேடம் காத்திருந்தார். பிறகு தொடர்ந்தார். முக்கியமான தொழிலாளி மேல் முதலாளி பாலிசி எடுக்கலாம். ஆனால் எடுப்பதற்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: பாலிசி எடுக்கப் போவதை, எவ்வளவுக்கு என்பதை, பணம் முதலாளிக்குத்தான் வரும் என்பதை, ஆள் வேலையை விட்டுப் போனாலும் அது தொடரலாம் என்பதை. அதற்கு அவருடைய ஒப்புதலும் வேண்டும்.

"தெரிவிக்கறதுன்னா காகிதத்தைக் கையில கொடுத்தாப் போதுமா மேடம்?" என்று கேட்டேன்.

"சட்டம் எழுத்துல கேக்குது. புரிஞ்சுதான்னு அது கேக்கலை," என்று சொல்லிவிட்டுப் பலகையை அழித்தார்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் ஒப்புதல் காகிதங்களை என் மேஜையில் வைத்தார். அத்தானும், 'நெட்டை' என்று எல்லோரும் கூப்பிடும் அவருடைய ஜோடி மெக்கானிக்கும் வெளியே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலையாக இருந்தார்கள். முதலில் அவர்களிடம் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார். நின்றபடியே படித்தேன். மேடம் சொன்ன எல்லாமே பொடி எழுத்தில் இருந்தன. சட்டப்படி ஒரு குறையும் இல்லை.

"சார், இது குடும்பத்துக்குன்னு நினைச்சுட்டிருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் இல்லை. அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்காவுக்குத் துணையாக வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையேம்மா. உங்க அத்தான் மாதிரி ஒரு ஆளைத் தயார் பண்ணணும்னா எத்தனை வருஷம் ஆகும்? அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா கம்பெனி என்ன பண்ணும்? எல்லாரையும் சேர்த்து எடுக்கறதால டாக்டர் பரிசோதனைகூடக் கிடையாது. கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வா. விளக்கப் போனா ராமாயணம் ஆகிடும்."

மொட்டை மாடி இயந்திர அறையில் எண்ணெய் வாடை அடித்தது. கம்பிக் கயிறுகளைத் தாங்கும் பெரிய சக்கரம் அசையாமல் நின்றது. வேலை முடியுமுன் யாரும் மின்சாரத்தைப் போட்டுவிடாதபடி மின்சாரப் பெட்டியில் இருவருடைய பூட்டுகளும் தொங்கின. அவரவர் பூட்டு, அவரவர் சாவி, இன்னொருவர் தொடக்கூடாது. லிஃப்ட் குழிக்குள் இறங்குமுன் ஒருவர் செய்யப்போவதை உரக்கச் சொல்வார், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

"வா வக்கீலம்மா. எங்க போடணும்? பேனாவைக் கொடு," என்றார் அத்தான்.

நெட்டை தன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் பொண்டாட்டி பேரை எங்க எழுதறது? இடமே விடலையே."

"முதல்ல நான் படிக்கறேன் அத்தான். நீங்க ஒவ்வொண்ணா திருப்பிச் சொல்லுங்க."

"ஏன், இது என்ன குழியா?"

"அப்படித்தான்னு வெச்சுக்கங்களேன்."

அவர் சிரித்துக்கொண்டே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். படித்தேன்.

"என் உயிர் மேல கம்பெனி பாலிசி எடுக்குது," என்று திருப்பிச் சொன்னார். தொகையைச் சொன்னார். "வேலையை விட்டுட்டுப் போனாலும் அது தொடரலாம். சரிதான், போனாலும் விடமாட்டாங்க போல."

நெட்டை சிரித்தார். நான் அடுத்த வரியைப் படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி படித்தேன்.

"நான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார்.

"திருப்பிச் சொல்லுங்க அத்தான்."

"நான் செத்தா பணம் கம்பெனிக்கு."

"குடும்பத்துக்கு?" என்றார் நெட்டை.

"இதுல இல்லைண்ணே."

அத்தான் என்னைப் பார்த்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"சாப்பிடும்போது சந்தேகம் வந்துச்சு. இன்னிக்குக் காலையிலதான் உறுதியாச்சு."

"சந்தேகத்தையே சொல்லியிருக்கலாமே."

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அவர் கருவிப் பெட்டியை மூடினார். "இன்சூரன்ஸ் ஆபீஸ் எத்தனை மணி வரைக்கும்? நாளைக்குப் போனா, லீவு கீவுன்னு சொல்லிட்டான்னா?" யாரும் பதில் சொல்லுமுன் படியை நோக்கி நடந்தார்.

"பூட்டைத் திறங்கண்ணே, லிஃப்ட்லயே இறங்கிடலாம்," என்றார் நெட்டை.

"பிரேக்கைக் கழட்டி வெச்சிருக்கு. ஓட்டக்கூடாது. நான் வந்து திறக்கறேன்."

நெட்டையை மேலேயே விட்டுவிட்டு நாங்கள் இருவரும் மாடிப்படியில் இறங்கினோம். ஒவ்வொரு தளத்திலும் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தேன். கோபித்துக்கொள்வாரோ என்று விட்டுவிட்டேன். ஒரு தளத்தில் மூடிய லிஃப்ட் கதவின் முன் காய்கறிப் பையோடு நின்ற அம்மா, "எப்ப சரியாகும்?" என்று கேட்டாள். "வந்துடறேம்மா," என்றார் அவர். அதற்கடுத்த தளத்தில் நான் கேட்காமலே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதறவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் பாலிசி எண்ணைத் தட்டிப் பார்த்தாள். "இன்னும் உயிரோடதான் சார் இருக்கு," என்று தவணையை வாங்கிக்கொண்டாள். அத்தான் ரசீதைச் சட்டைப்பைக்குள் வைத்து, அதன்மேல் கையை எடுக்காமல் நின்றார்.

"அக்காகிட்ட நானே சொல்றேன்," என்றார் வெளியே வந்ததும்.

"மேனேஜர்கிட்ட நான் என்ன சொல்றது? காகிதத்துல இன்னும் கையெழுத்து இல்லை."

அத்தான் நடையை நிறுத்தவில்லை.

"போடறேன். நான் இல்லாட்டி அவருக்கும் நஷ்டம்தானே, அது பொய் இல்லை. ஆனா அவரை மேல மெஷின் ரூமுக்கு வரச்சொல்லு. பணம் யாருக்குன்னு எங்க எல்லார் முன்னாடியும் நின்னு அவர் வாயால சொல்லட்டும். நாங்க திருப்பிச் சொல்றோம். அதுக்கப்புறம் பேனாவை எடுக்கறேன்."

கட்டடத்து வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பிறகு தன் பூட்டின் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறத் தொடங்கினார், மெல்ல. நான் பின்னால் ஏறினேன்.