அடித்தல் திருத்தல் இல்லாமல்

தொற்றுநோயால் பதினோரு மாதம் பூட்டிக் கிடந்த பள்ளியைச் சுத்தம் பண்ணத் திறந்த அன்றைக்கே விசில் டீச்சருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நாற்றத்தைச் சொல்லவில்லை. நாற்றமும் இருந்ததுதான், தண்ணீர்த் தொட்டியில் ஒரு பெருச்சாளி செத்து ஊறிப்போயிருந்தது, அதை ஆள் வைத்து எடுத்தாயிற்று. அவளுக்குக் குமட்டியது தலைமையாசிரியரைப் பார்த்து. அந்த மனிதர் தொட்டிப் பக்கமே எட்டிப் பார்க்காமல், பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு நேராக உடைந்த பெஞ்சுகள் குவித்து வைத்திருந்த அறைக்குப் போனார். கதவில் ‘தனிமைப்படுத்தும் அறை’ என்று நீலப் பெயிண்டில் எழுதச் சொன்னார்.

“உள்ள எலிப்புழுக்கையா கிடக்கு சார். சுத்தம் பண்ண வேணாமா?” என்று கேட்டாள்.

“அறை இருக்கணும்னுதான் சுற்றறிக்கைல போட்டிருக்கு” என்றார்.

இப்படிப் பேசிப் பேசித்தான் அவருக்குச் சுற்றறிக்கை என்றே பெயர் விழுந்திருந்தது. ஆசிரியர்கள் அறையில் வேறு பெயரில் அவரை யாரும் குறிப்பிடுவதில்லை. மேலே இருந்து ஒரு தாள் வந்தால் போதும், மனிதருக்குத் தலைகால் புரியாது. தாளில் இருப்பது நடக்க வேண்டும் என்பதில்லை, நடந்த மாதிரி இருந்தால் சரி. விசில் டீச்சர் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில் தொங்காமல் அவளைப் பார்த்தவர் கிடையாது, அதனால் அந்தப் பெயர். இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவள். அந்த வேலையையே இப்போதும் கொடுத்தார்கள். கேட்டில் நின்று, வருகிற பிள்ளைகளின் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் துப்பாக்கியைப் பிடித்து, சூடு இருந்தால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

மைதானத்தில் ஆறடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்புத் தூளில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தவளிடம் சுற்றறிக்கை வந்து நின்றார்.

“ஆறடி விட்டா வரிசை ரோட்டுக்குப் போயிடும் டீச்சர். ரெண்டடி விட்டுப் போடுங்க. போட்டோல யாரு அளந்து பார்க்கப் போறாங்க?”

போட்டாள். அதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும். மனதுக்குள் அவரை ஏழு தலைமுறைக்கும் திட்டிக்கொண்டே ரெண்டடிக்கு ஒரு வட்டம் போட்டாள்.

அவளுக்கு வட்டத்தைப் பற்றிக் கவலையில்லை. நாலாம் வகுப்பைப் பற்றித்தான் கவலை. நாலாம் வகுப்பு டீச்சர் அவளுடைய கூடப்பிறந்த தங்கச்சி. மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த நோயில் விழுந்து, பதினெட்டு நாள் மூக்கில் குழாயோடு கிடந்து எழுந்து வந்தவள். இப்போதும் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். பேசும்போது ஒரு வாக்கியத்தை இரண்டு துண்டாகத்தான் பேச முடியும். இன்னொரு தடவை வந்தால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு மாதம் லீவு கேட்டதற்குச் சுற்றறிக்கை, திறக்கிற அன்றைக்கு வரவில்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நினைத்தாலே விசில் டீச்சருக்கு உடம்பெல்லாம் எரியும்.

“நீ தைரியமா வா. கேட்ல நான் நிக்கிறேன். என்னைத் தாண்டி ஒரு காய்ச்சல் உன் கிளாசுக்குள்ள வராது” என்று தங்கச்சிக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

“நீ நிக்கிறதாலதான் அக்கா நான் வர்றேன்” என்றாள் அவள்.

திங்கட்கிழமை திறப்பு. வெள்ளிக்கிழமை மதியம் சுற்றறிக்கை ஒரு தடித்த நோட்டை மேஜை மேல் வைத்தார். வெப்பநிலைப் பதிவேடாம். முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் பெயரும் வகுப்புவாரியாக இருந்தது, பக்கத்தில் கட்டம் காலியாக இருந்தது.

“எட்டரைக்குக் கேட்டைத் திறக்கிறோம். ஒன்பதரைக்கு மேலதிகாரி வந்துடுவார். அதுக்குள்ள எல்லாருக்கும் பார்த்து எழுதி முடிக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க. அதனால எழுதி வெச்சுடுங்க.”

“எதை சார் எழுதுறது? இன்னைக்கு வெள்ளிக்கிழமை.”

“எப்படியும் தொண்ணூத்தேழு, தொண்ணூத்தெட்டுதானே இருக்கப் போகுது. உங்க கையெழுத்து அழகா இருக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி போட்டுடாதீங்க, சந்தேகம் வரும். முன்னபின்ன போடுங்க. முக்கியமா, அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. சுற்றறிக்கைலயே இருக்கு.”

தூ என்று துப்பிவிட்டு எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. எப்படியும் கேட்டில் தான்தானே நிற்கப் போகிறோம், காய்ச்சலோடு வருகிற பிள்ளையைத் திருப்பி அனுப்பப் போகிறோம், நோட்டில் என்ன இருந்தால் என்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனிதர்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளவா தெரியாது. உட்கார்ந்து எழுதினாள். தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு. தொண்ணூற்றெட்டு புள்ளி ஒன்று. தொண்ணூற்றேழு புள்ளி ஆறு. ஒரு மணி நேரத்தில் கை பழகிவிட்டது. கடைசி இரண்டு வகுப்புக்கு வரும்போது முணுமுணுவென்று ஏதோ பாட்டுக் கூடப் பாடிக்கொண்டிருந்தாள், சொல்லவே நாக்கூசுகிறது. தங்கச்சியிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

திங்கட்கிழமை காலை பிள்ளைகள் வந்தார்கள். பதினோரு மாதத்தில் எல்லோரும் ஒரு சாண் வளர்ந்திருந்தார்கள். சீருடைக் கால்சட்டைகள் கணுக்காலுக்கு மேலே நின்றன. விசில் டீச்சர் ஒரு நெற்றியை விடவில்லை. துப்பாக்கியைப் பிடித்தாள், எண்ணைப் பார்த்தாள், “ம், போ” என்றாள். சந்தேகம் வந்தால் இரண்டாம் தடவை பிடித்தாள். நூறு பேருக்கு மேல் அப்படி உள்ளே போனபோது வாயாடி வந்து நின்றாள்.

வாயாடி நாலாம் வகுப்பு. ஒன்பது வயது. அவள் வாயை மூட வைக்கும் வித்தை எந்த டீச்சருக்கும் தெரியாது. அன்றைக்கு அந்தப் பிள்ளை ஒன்றுமே பேசவில்லை. துப்பாக்கி நூற்றொன்று புள்ளி நாலு என்று காட்டியது. நிழலுக்குக் கூட்டிப் போய் ஐந்து நிமிடம் கழித்துப் பிடித்தாள். நூற்றொன்று புள்ளி ஆறு.

“அம்மா எங்கடி?”

“வேலைக்குப் போயிட்டாங்க மிஸ். காலைல மாத்திரை குடுத்தாங்க. கேட்டா சொல்லாதேன்னாங்க.”

அம்மா அட்டைப்பெட்டி ஒட்டும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பக் கொடுப்பார்கள். பள்ளி எப்போது திறக்கும் என்று காத்துக் கிடந்து, இந்த மாதம்தான் மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அந்தப் பொம்பளையைத் திட்ட விசில் டீச்சருக்கு வாய் வரவில்லை. ஆபீஸ் சுவருக்கு அந்தப் பக்கம், காற்றோட்டமான இடத்தில் ஒரு நாற்காலி போட்டு வாயாடியை உட்கார வைத்தாள். அந்த நீலப் பெயிண்ட் அறைக்குள் ஒரு நாயைக் கூட உட்கார வைக்க மனசு வராது. பிறகு சுற்றறிக்கையிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை. நோட்டைப் பிரித்தார். நாலாம் வகுப்பில் விரலை வைத்து இறங்கினார்.

“தொண்ணூத்தேழு புள்ளி ஆறுன்னு இருக்கே.”

“அது வெள்ளிக்கிழமை எழுதினது சார்.”

“இப்ப இதை என்ன பண்றது?”

“அடிச்சுட்டு மேல எழுத வேண்டியதுதான்.”

“அடிக்கிறதா? அடித்தல் திருத்தல் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே.”

“அப்ப ஆப்சென்ட் போட்டுக்கோங்க.”

“காய்ச்சல் பார்த்த பிள்ளை எப்படி டீச்சர் ஆப்சென்ட் ஆகும்? நோட்டுல எண் இருக்கே. ஒண்ணை அடிச்சா அவர் ஒவ்வொண்ணா கேட்க ஆரம்பிச்சுடுவார்.” கொஞ்சம் யோசித்தார். முகம் தெளிந்தது. “வெயில்ல நடந்து வந்திருக்கும். நெத்தி சுட்டிருக்கும், அவ்வளவுதான்.”

“நிழல்ல வெச்சுப் பார்த்தேன் சார். நூத்தொண்ணு புள்ளி ஆறு. அது என் தங்கச்சி கிளாஸ். அவ நிலைமை உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும், தெரியும். நான் பார்த்துக்கிறேன். நீங்க கேட்டுக்குப் போங்க. அங்க கும்பல் சேர்ந்துடுச்சு.”

கும்பல் சேர்ந்துதான் இருந்தது. ரெண்டடி வட்டத்தில் பிள்ளைகள் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்துகொண்டு நின்றார்கள். அவள் ஓடினாள். நான் பார்த்துக்கிறேன் என்று ஒரு மனிதர் சொன்னால் என்ன அர்த்தம், பார்த்துக்கொள்வார் என்றுதானே. இருபத்திரண்டு வருடம் அவரோடு வேலை பார்த்தும் அப்படி நம்பினாள்.

ஒன்பதரைக்கு மேலதிகாரியின் கார் வந்தது. கூடவே கேமராவோடு இரண்டு பேர். அதிகாரி முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே மாட்டியிருந்தார். இறங்கியதும் விசில் டீச்சர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, ஒரு சின்னப் பையன் நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார். பொத்தானை அமுக்கவே இல்லை. மூன்று தடவை போட்டோ எடுத்தார்கள், மூன்று தடவையும் அமுக்கவில்லை. சுற்றறிக்கை படியிறங்கி வந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நோட்டை நீட்டினார். அதிகாரி நாலு பக்கம் புரட்டினார்.

“யாரு எழுதினது? அச்சடிச்ச மாதிரி இருக்கே.”

“இந்த டீச்சர்தான் சார்.”

“ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இதைத்தான் காட்டணும்.” இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். விசில் டீச்சருக்குக் காது கூசியது. செருப்பால் அடித்திருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது. கையெடுத்துக் கும்பிடுகிற சாக்கில் இரண்டடி தள்ளிப் போய் ஆபீஸ் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறினாள். நாலாம் வகுப்பில் சத்தமே இல்லை. பிள்ளைகள் எல்லாம் சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வாயாடி தரையில் துவண்டு கிடந்தாள், சட்டையெல்லாம் வாந்தி. பக்கத்தில் தங்கச்சி மண்டியிட்டு, பழைய செய்தித்தாளால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குனிந்ததில் மூச்சு முட்டியிருக்க வேண்டும். முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இழுத்து விட்டிருந்தாள். பிள்ளையின் தலை அவள் தொடையில் இருந்தது.

“எழுந்திரு. அந்தப் பக்கம் போ. நான் துடைக்கிறேன்” என்று விசில் டீச்சர் கத்தினாள். “யாரு இவளை உள்ள விட்டது?”

“நான்தான்.” தங்கச்சி மூச்சு வாங்கினாள். “சார் கூட்டிட்டு வந்தார். தொட்டுப் பார்த்தேன். சுட்டுச்சு. உள்ள விட மாட்டேன்னு சொன்னேன்.” மறுபடி நின்றாள். “நோட்டைக் காட்டினார். உன் கையெழுத்து. தொண்ணூத்தேழு புள்ளி ஆறு. அக்கா பார்த்து எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

விசில் டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்த நேரத்தில் சுற்றறிக்கை மேல் கோபம் வரவில்லை. அதிகாரி மேலும் வரவில்லை. வந்த அருவருப்பு முழுக்கத் தன் கை மேலேயே வந்தது.

“அது பார்த்து எழுதினதில்லடி” என்றாள். “வெள்ளிக்கிழமையே எழுதினது. எல்லாருக்கும் எழுதினேன். முந்நூத்திப் பன்னிரண்டு பேருக்கும்.”

தங்கச்சி துடைப்பதை நிறுத்தினாள். அக்காவையே பார்த்தாள். பிறகு சுவரோரம் இருந்த பிள்ளைகளைப் பார்த்தாள்.

“அப்ப இதுங்க?”

“இதுங்களை எல்லாம் கேட்ல பார்த்தேன். சத்தியமா பார்த்தேன். ஒவ்வொருத்தரா பார்த்துதான் விட்டேன்.”

“பார்த்தியா, எழுதினியா?”

“பார்த்தேன்டி.”

தங்கச்சி வாயாடியின் தலையை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, பெஞ்சைப் பிடித்து எழுந்தாள். முகக்கவசத்தை மேலே இழுத்துவிட வேண்டும் என்று கூட அவளுக்குத் தோன்றவில்லை. மூச்சு வாங்க வாங்கச் சுவரோரம் போய், முதல் பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அடுத்த பிள்ளைக்கு நகர்ந்தாள்.