இரண்டு ரோரிகளும் ஒரு வாளித் தண்ணீரும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து வந்தது. போன ஜூனில், என் விடுதியின் காலைச் சாப்பாட்டு மேசையில், ஓட்ஸ் கஞ்சிக்குப் பக்கத்தில் ரோடா மெக்காஸ்கில் அதை வைத்தாள். தேநீருக்குத் தொட்டுக்கொள்ள ஏதோ கொண்டுவந்திருக்கிறாள் என்று நான் மூடியில் கை வைத்துவிட்டேன்.

"திறக்காதீங்க," என்றாள். "உள்ள என் தம்பி இருக்கான்."

முதலில் இப்படி ஆரம்பித்திருந்தேன்: மூடுபனி மெல்ல விலகியபோது, தன் முன்னோர்களின் தீவை அவள் கண்கள்... 

அடச்சே. இங்கே மூடுபனி எந்தக் காலத்தில் விலகியது? ஸ்காட்லாந்தின் இந்த மேற்குக் கோடித் தீவுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து தலையும் நரைத்துவிட்டது. பனி ஒரு பக்கம் ஒதுங்கும், மறுபக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

2

கோடை வந்தால் வேர் தேடி ஒரு கூட்டம் படகிலிருந்து இறங்கும். இடுப்பில் கட்டம் போட்ட பாவாடை, கையில் வம்ச மரம், கண்ணில் தயாராகத் தண்ணீர். எனக்கு அவர்களைக் கண்டாலே எரிச்சல். [ரோடாவையும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன், கல்லறைமேல் விழுந்து அழுகிறவளாக. நிஜ ரோடா அழவில்லை. என் மழைக்கோட்டை இரவல் வாங்கிக்கொண்டு போனாள், திருப்பித் தரவும் இல்லை. என் கதாபாத்திரம் கெட்டுப்போனது.]

அவள் தம்பி மர்டோ கனடாவில் பனிக்காலத்தில் இறந்தான். டப்பாவில் இருந்தது அவன் சாம்பல். அவர்கள் முப்பாட்டன் ரோரி புறப்பட்ட மண்ணில் தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவன் கடைசி ஆசை. அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இந்த ஒரே கதை. ஆடு வளர்க்க இடம் வேண்டுமென்று நிலப்பிரபு ஊர் ஊராகக் காலி செய்த காலத்தில், அவருடைய ஆள் ஒருவன் வந்து ரோரியின் அடுப்பில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினான். இங்கே அடுப்பை அணைக்க மாட்டார்கள். இரவானால் சாம்பலைப் போர்த்தித் தூங்கவைப்பார்கள், அவ்வளவுதான். அடுப்பு அணைந்தால் அந்த வீடு செத்தது. ரோரி கப்பலேறினான்.

மெக்காஸ்கில் குடும்பத்துப் புதைநிலம் இப்போது, இங்கேயே தங்கிவிட்ட கிளையைச் சேர்ந்த ஃபின்லேயின் கையில். அவர் தலையாட்டாமல் அங்கே மண்வெட்டி இறங்காது.

3

ஃபின்லே எழுபது தாண்டியவர். செம்மறி வளர்க்கிறார். வாயைத் திறந்தால் குத்தல்தான். வேர் தேடிகளைப் பற்றி என்னிடம் அடிக்கடி சொல்வார்: "எல்லாருக்கும் விரட்டப்பட்டவன்தாம்மா பாட்டனா வேணும். விரட்டினவனுக்குப் பிள்ளையே பொறக்கல போல."

அவர் சமையலறையில் உட்கார்ந்து ரோடா தன் கதையைச் சொன்னாள். அவர் தேநீரை ஊதிக்கொண்டே கேட்டுவிட்டு, அது தங்கள் வீட்டுக் கதை என்றார். அடுப்பை இழந்த ரோரி எங்கேயும் போகவில்லை. கடலோரப் பாறைக்குத் துரத்தப்பட்டு, உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்தான். அவன் வம்சம்தான் தாங்கள். கப்பலேறியவன் இன்னொரு ரோரி, அவன் கூடப்பிறந்தவன்.

[இதை யார் நம்புவார்கள் என்று எனக்கே பயமாக இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் இங்கே அதுதான் வழக்கம். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். இரண்டு தாத்தாவும் ரோரியாக இருந்துவிட்டால், இரண்டு பிள்ளையும் ரோரிதான். எந்தத் தாத்தாவைக் கோபப்படுத்துவது?]

வாளியோடு வந்த அந்த ஆள் இருவரில் ஒருவன்தான்; நிலப்பிரபுவுக்கு ஆளாகி, கூடப்பிறந்தவனின் அடுப்பிலேயே தண்ணீர் கொட்டினான். இதை இரண்டு வீடும் ஒப்புக்கொள்கிறது. எந்த ரோரி என்பதில்தான் தகராறு.

"ஊத்தினவன் ஊர் முகத்துல முழிக்க முடியாம கப்பலேறிட்டான்," என்றார் ஃபின்லே.

"ஊத்தினவனை ஏன் கப்பலேத்தப் போறாங்க? அவனுக்குத்தான ஊர்லயே இடம் குடுத்திருப்பாங்க?" என்றாள் ரோடா.

இரண்டுமே நியாயமாகத்தான் பட்டது. அவரோ கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றியவன் வழி வந்தவனுக்குத் தங்கள் மண்ணில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். டப்பா என் விடுதிக்கே திரும்பி வந்தது.

4

முடிவு ஒன்று: பரணில் ஒரு பழைய கடிதம் கிடைக்கிறது. [வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு: இருவரும் குப்பியில் எச்சில் துப்பி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள், விஞ்ஞானம் தீர்ப்பு சொல்கிறது. சொல்லாது. கூடப்பிறந்தவர்களின் ரத்தம் ஒன்றுதானே. இவர்கள் சொந்தக்காரர்கள் என்று மட்டும் வரும். அது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இரண்டு பேருக்கும் அதே பிடிவாதம் பிடித்த மோவாய்.

முடிவு மூன்று நானாக எழுதியதில்லை, வந்தது. ஜூனில் இங்கே முழு இருட்டு விழுவதில்லை. பால் கலந்தது போன்ற ஒரு வெளிச்சம் கடல்மேல் கிடக்கும். தூக்கம் எது, விழிப்பு எது என்று பிடிபடாது. அந்த வெளிச்சத்தில் இரண்டு ரோரிகளும் என் சமையலறைக்குள் வந்தார்கள். நனைந்த கம்பளி வாசனை, இங்கே விறகாக எரிக்கும் சதுப்பு மண்கட்டியின் புகை வாசனை. ஒருவன் கையில் வாளி இருந்தது. யார் கையில் என்று நான் பார்ப்பதற்குள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள். உங்களில் யாரப்பா என்று கேட்டேன். என் அடுப்பில் கையைக் காட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்குமே குளிர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

5

ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியதும் ரோடா மறுபடியும் ஃபின்லே வீட்டுக்குப் போனாள். நானும் துணைக்குப் போனேன். அவள் உட்காரவில்லை.

"எங்க ஆளே ஊத்தினவனா இருக்கட்டும்," என்றாள். "இனிமே எங்க வீட்லயும் அப்படியே சொல்லிக்கறோம். என் தம்பிக்கு மட்டும் ஒரு இடம் குடுங்க."

மர்டோ எந்தக் கதையை நம்பி இங்கே வர ஆசைப்பட்டானோ, அந்தக் கதையையே அவனுக்காக விட்டுக்கொடுக்கிறாள். ஃபின்லே நாயைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

[அவர் மனம் மாறியதை இந்த இடத்தில் பக்கம் பக்கமாக எழுதினேன். எனக்கு என்ன தெரியும் அவர் மனசு? கிழித்துப் போட்டேன்.]

மறுநாள் காலையில் தூறலில் அவர் குழி வெட்டிக்கொண்டிருந்தார்.

இங்கே சவப்பெட்டியைச் சொந்தக்காரர்கள்தான் கயிறு பிடித்து இறக்குவார்கள். தலைமாட்டுக் கயிறு மிக நெருங்கியவருக்கு. பழைய வழக்கப்படி பெண்கள் குழியருகே வருவதே கிடையாது. ஒரு பிஸ்கட் டப்பாவுக்குக் கயிறே தேவையில்லை, குனிந்து கையால் வைத்துவிடலாம். ஆனால் ஃபின்லே மீன்வலைக் கயிறு கொண்டுவந்து டப்பாவின் இரண்டு பக்கமும் முடிந்தார். தலைமாட்டை ரோடாவிடம் நீட்டினார். கால்மாட்டைத் தானே பிடித்துக்கொண்டார்.

டப்பா குழிக்கு மேலே காற்றில் லேசாக ஆடியது. அவர் கயிற்றைத் தளர்த்தவில்லை.

"ரோடா," என்றார். அதுவரை அவள் அவருக்கு வெறும் கனடாக்காரம்மா. "ஒண்ணு சொல்லணும். எங்க ரோரிதான் அன்னைக்கு..."

"போதும், ஃபின்லே," என்றாள் ரோடா. "கை வலிக்குது. இறக்குங்க."

இறக்கினார்கள்.

எழுதுகிறவளுக்குப் பாதியில் நிற்கிற வாக்கியத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. அவர் வாக்கியத்தை, ஊற்றினான் என்று முடித்துப் பார்த்தேன். ஃபின்லே வீடு இத்தனை காலம் பொய்யில் குடியிருந்ததாக ஆனது. அடுப்பை இழந்தான் என்று முடித்தேன். புதைத்த மறுநிமிடமே மர்டோ அந்நியனாகிப் போனான். இரண்டையும் அடித்துவிட்டேன். ரோடா போதும் என்றது எனக்கும் சேர்த்துத்தான். உங்களிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை உங்களால் முடிக்க முடிகிறதா பாருங்கள், அவள் எதிரில் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, வாய்விட்டு.