சாயிராவின் நூற்று நான்கு

எங்கள் சாலுக்கு, அந்த ஒட்டு வீட்டு வரிசைக்கு, இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் என் கண் படாமல் உரியவர் கைக்குப் போகாது. தூத்துக்குடி கான்வென்டில் எட்டாவது வரை படித்தவள், தாராவியில் எங்கள் வரிசையில் நான் ஒருத்திதான். படித்துச் சொல்வது உபகாரம். படித்ததைப் பதினோரு வீட்டுக்கும் சொல்வதும் உபகாரம் என்றே நினைத்திருந்தேன்.

அறுபத்தாறாம் வருஷம் பக்கத்து வீட்டு சாயிராவுக்குக் கழுத்தில் கட்டி, புற்றுநோய். அவள் புருஷன் உதுமான் தோல் பட்டறைக்காரன். பரேல் ஆஸ்பத்திரிக்கு அலைந்து, கரண்ட் வைத்துக் கட்டியைக் கரைத்துக் கூட்டிவந்தான். மாதாமாதம் ரத்தம் சோதித்து, சீட்டோடு தன்னிடம் வரவேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. நோய் திரும்பினால் ரத்தம் முந்திக்கொண்டு காட்டிக்கொடுக்குமாம்.

முதல் சீட்டில் ஈ.எஸ்.ஆர். பதினெட்டு. நல்லது என்றாராம் டாக்டர். அடுத்த சீட்டில் நாற்பத்தாறு. என்னிடம்தான் கொண்டுவந்தாள்.

"பதினெட்டுக்கே நல்லதுன்னாரு. நாப்பத்தாறுன்னா கேக்கணுமா? ரத்தம் ஊறுதுட்டி" என்றேன்.

"அப்போ பரேலுக்குப் போவாண்டாமாக்கா?"

விடியற்காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், பாவம். எதற்கு என்றேன். போய்வந்ததாக உதுமானிடம் சொல்லிக்கொள்வதாகச் சிரித்தாள்.

மூன்றாவது சீட்டில் நூற்று நான்கு. நூற்றுக்கு மேல் எந்தப் பரீட்சையிலும் எவளும் வாங்கியதில்லையே என்று ஒரு நொடி உறைக்கத்தான் செய்தது. ஆனால் குழாயடியில் ஏழு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று அறிவித்தேன்.

பிறகு அவளுக்கு மாலையானால் காய்ச்சல் கண்டது, உடம்பும் இளைத்தது. நாலாம் சோதனைக்கு நானும் கூடப் போனேன். துணைக்கு என்று பேர். லேபுக்குள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை. லேப்காரர் கரீம் பாட்சா அவள் ரத்தத்தை ஒல்லியான கண்ணாடிக் குழாயில் ஏற்றி நிமிர்த்தி வைத்தார். பார்க்கப் பார்க்கச் சிவப்பு கீழே போனது, மேலே மஞ்சள் தண்ணீராய் நின்றது. இதில் மார்க் எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டேன்.

"மார்க்கா? ஒரு மணி நேரத்துல செவப்பு எவ்வளவு கீழ எறங்குதோ, அந்தக் கணக்குக்கா. நல்ல ஒடம்புக்கு இருவதத் தாண்டாது."

சாயிரா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாளே உதுமானோடு நாங்கள் இருவரும் பரேலுக்குப் போனோம். டாக்டர் சீட்டுகளை வரிசையாகப் பரப்பினார். நோய் வயிற்றுக்கும் பரவிவிட்டது என்றார். நாற்பத்தாறு காட்டியபோதே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமாம். வரவேண்டாம் என்று யார் சொன்னது என்று இந்தியில் கேட்டார். எனக்கு இந்தி நன்றாகவே தெரியும். பரப்பிய சீட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யாரும் சொல்லல. நாந்தான் சோம்பல்பட்டு இருந்துட்டேன்" என்றாள் சாயிரா.

திரும்பும் வழியெல்லாம் உதுமான் அவளைத் திட்டிக்கொண்டே வந்தான். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரு வார்த்தை நான் குறுக்கே பேசியிருக்கலாம்.

மழைக்காலம் முடியுமுன் போய்விட்டாள். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி, சோற்றுத் தட்டோடு உதுமான் என் வாசலுக்கு வந்தான்.

"கூடவே வந்தியளேக்கா. அவ ஒங்க பேச்சையாவது கேட்டிருக்கலாம்."

தட்டை வாங்கிக்கொண்டேன்.

"ஆமா தம்பி" என்றேன்.